ஒன்றேகால் லட்சத்துக்கு ஒரு ஆர்எக்ஸ் 100

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழில் நான் கடைசியாக இரண்டு பக்கத்துக்கு மேல் எழுதியது பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில்தான். நடுநடுவே பேச்சு வழக்கு எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். பிளேஸ்மெண்ட் சீசன் முடிந்ததிலிருந்து ஹாஸ்டலில் தினமும் ஒரே கேள்வி: "மச்சி, முதல் சம்பளத்துல என்ன வாங்கப் போற?" எங்கள் விங்கில் பத்துப் பேரில் நான்கு பேர் சொன்ன பதில் ஆர்எக்ஸ் 100. அவர்கள் பிறப்பதற்கு முன்பே உற்பத்தி நின்றுபோன வண்டி அது. அதில் ஒருவன் வேலையில் சேர்ந்ததும் பர்சனல் லோன் போடத் தயாராக இருக்கிறான். "இது செலவு இல்லடா, இன்வெஸ்ட்மெண்ட்" என்கிறான். அவனுக்காகத்தான் இந்தக் கட்டுரை. இன்னும் சரியாகச் சொன்னால், போன மே மாதம் வரை நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் ஏல வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் அடிக்கடி வருகிற பெயர் ஃபெராரி 250 ஜிடிஓ. 1962 முதல் 1964 வரை மொத்தமே 36 கார்தான் செய்தார்கள். 2018ல் ஒன்று 4.8 கோடி டாலருக்கு ஏலம் போனது. ஆனால் அந்த வீடியோக்கள் பெரும்பாலும் சொல்லாத ஒரு கதை உண்டு. அந்த 36ல் ஒன்று, 1960களில் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றுக்கு தானமாகக் கொடுக்கப்பட்டது. எதற்கு? மாணவர்கள் மெக்கானிக் வேலை பழகுவதற்கு! நம்ம வொர்க்‌ஷாப்பில் பாதியாக அறுத்து பெயிண்ட் அடித்து வைத்திருக்கும் எஞ்சின் மாதிரி, அவர்களுக்கு ஒரு ஃபெராரி. 1972ல் அது கைமாறிய விலை 6,500 டாலர். அன்றைக்கு அது வெறும் பழைய ரேஸ் கார், அவ்வளவுதான்.

அதாவது எல்லா 'கிளாசிக்'கும் நடுவில் ஒரு காலத்தில் காயலான் கடைக்குப் பக்கத்தில் போய்விட்டுத்தான் திரும்பி வந்திருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி ஃபெராரியை விட்டுவிடுவோம். நம்மில் யாரும் அதை ஏலம் எடுக்கப் போவதில்லை. கள்ளக்குறிச்சிக்காரனுக்கு 'கிளாசிக் ஸ்போர்ட்ஸ்' என்றால் அது ஆர்எக்ஸ் 100தான். விலைப்பட்டியலில் கொஞ்சம் பூஜ்யம் குறையுமே தவிர, நடப்பது அதே கதைதான்.

அப்படி என்ன இருக்கிறது அந்த வண்டியில்? 1985ல் எஸ்கார்ட்ஸ் கம்பெனியும் யமஹாவும் சேர்ந்து இந்தியாவில் இறக்கினார்கள். 98 சிசி, டூ ஸ்ட்ரோக், 11 குதிரைத்திறன், எடை சுமார் நூறு கிலோ. அதே 1985ல்தான் ஹீரோ ஹோண்டா சிடி 100ம் வந்தது. அதுவும் கிட்டத்தட்ட அதே சிசி, ஆனால் ஃபோர் ஸ்ட்ரோக். திறன் ஏழு சொச்சம்தான். இரண்டாம் ஆண்டு தெர்மல் பேப்பரில் படித்தது ஞாபகம் இருக்கும்: டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பவர் ஸ்ட்ரோக்; ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்று. அதனால்தான் அந்தச் சின்ன எஞ்சினுக்கு அந்த இழுவை. ஆனால் எக்ஸாஸ்ட் போர்ட் திறந்திருக்கும்போதே புதுக் கலவையும் உள்ளே வருவதால், எரியாத பெட்ரோல் கொஞ்சம் புகையோடு சேர்ந்து வெளியே போய்விடும். கூடவே எரிகிற ஆயில் வேறு. பர்ஸுக்கும் நஷ்டம், காற்றுக்கும் நஷ்டம். 1996ல் மாசு விதிகள் இறுகின. அந்த ஆண்டோடு ஆர்எக்ஸ் 100 நின்றது.

அதற்குப் பிறகு பெட்ரோல் விலை ஏற ஏற, எல்லாரும் மைலேஜ் வண்டிக்கு மாறினார்கள். ஆர்எக்ஸ் 100 செங்கல் சூளையிலும் பம்ப்செட் கொட்டகையிலும் ஒதுங்கியது. நிறைய வண்டிகள் எடைக்குப் போயின. இன்றைக்கு அதே வண்டிக்கு, நல்ல கண்டிஷனில் ஒரிஜினல் பார்ட்ஸோடு இருந்தால், ஒரு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள்.

ஏன்? வண்டி ஒன்றும் வயதாக ஆக நல்லதாகிவிடவில்லை. மூன்று காரணம் எனக்குத் தெரிகிறது. ஒன்று, புதிதாக வரப்போவதில்லை. இருப்பதும் வருடா வருடம் குறைகிறது. இரண்டு, 1990ல் காலேஜ் படித்துக்கொண்டு, இந்த வண்டியை ஏக்கத்தோடு பார்த்தவர்களுக்கு இன்றைக்கு ஐம்பது வயதுக்கு மேல். வீடு கட்டியாச்சு, பிள்ளைகள் படித்து முடித்தாச்சு, கையில் காசு இருக்கிறது. அன்றைக்கு வாங்க முடியாததை இப்போது வாங்குகிறார்கள். மூன்றாவது நாம். நமக்கு அந்தக் காலத்து ஞாபகம் எதுவும் கிடையாது. ரீல்ஸில் அந்த சைலன்சர் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, அடுத்தவருடைய ஏக்கத்தை நம்முடையதாக எடுத்துக்கொண்டோம். நான் உட்பட.

இப்போது மாமா கதை.

என் தாய்மாமன் கச்சிராயபாளையத்தில் டூவீலர் வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். தெரியாதவர்களுக்கு: கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு ஏறும் வழியில், கோமுகி அணைக்குப் பக்கத்து ஊர் அது. 1990ல், சர்க்கரை ஆலையிலிருந்து வந்த கரும்புப் பணத்தில் தாத்தா ஒரு கறுப்பு ஆர்எக்ஸ் 100 வாங்கினார். விலை சுமார் இருபதாயிரம். ஆயா இன்றைக்கும் சொல்லும்: "அந்தக் காசுக்கு ஏழு பவுன் வாங்கியிருக்கலாம். இந்த மனுசன் பொகையை வாங்கிட்டு வந்தாரு." மாமா அப்போது பள்ளிக்கூடப் பையன். அந்த வண்டியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துத்தான் மெக்கானிக் ஆனார். மலையில் எங்கே வண்டி நின்றுபோனாலும், டூல் பேக்கை டேங்க்மேல் கட்டிக்கொண்டு அதில்தான் ஏறுவார். வெள்ளிமலை, கரியாலூர், அதைத் தாண்டி உள்ளே இருக்கும் ஊர்கள் வரைக்கும். காசு இல்லாதவர்கள் மரவள்ளிக்கிழங்கோ தேனோ கொடுத்தனுப்புவார்கள். சின்ன வயதில் அந்த டேங்க்மேல் உட்கார்ந்து நானும் போயிருக்கிறேன். கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியருக்கு இறக்கி அவர் முறுக்கும்போது, வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுச் சட்டென்று பாயும். அந்த உணர்வை எனக்கு எழுதத் தெரியவில்லை.

போன வருடம் லீவில், மாமா அந்த மலைப்பாதையில் ஏறுவதை ஒரு ரீல் எடுத்துப் போட்டேன். நாற்பது வினாடி. நான் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். "விலைக்குக் கிடைக்குமா?" என்று கீழே கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பெங்களூருவிலிருந்து ஒருவர் விடாமல் பேசி, கடைசியில் நேரிலேயே வந்துவிட்டார். ஒரிஜினல் டேங்க், ஒரிஜினல் சைலன்சர், முதல் ஓனர் தாத்தா, ஆர்சி பக்கா. எல்லாம் பார்த்துவிட்டு அவர் சொன்ன விலை ஒன்றேகால் லட்சம்.

மாமா என்னிடம் கேட்டார், "நீ என்னடா சொல்ற மாப்ள? இன்ஜினியரு நீதான்."

"விக்காதீங்க மாமா. வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போகுது. இன்னும் அஞ்சு வருஷம் வெச்சிருந்தா ரெண்டு லட்சம்கூடப் போகும்" என்றேன். மொபைலில் ஒரு கிராஃப் வேறு போட்டுக் காட்டினேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த வண்டி வேண்டும். வேலைக்குப் போனதும் கேட்கலாம் என்று மனதில் இருந்தது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, கணக்கு மாதிரி சொன்னேன்.

மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "வண்டி அடுத்த வருஷமும் விலை ஏறும்டா. ஆனா பாப்பா அடுத்த வருஷம் மறுபடியும் பன்னெண்டாவது பாஸ் பண்ண மாட்டா."

மாமா மகளுக்கு அந்த மாதம்தான் ரிசல்ட் வந்திருந்தது. நர்சிங் சேர வேண்டும். முதல் வருடக் கட்டணம், ஹாஸ்டல், யூனிஃபார்ம், புத்தகம் எல்லாம் சேர்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். நான் கிராஃப் போட்டுக்கொண்டிருந்த அதே மேசையில்தான் அந்த நோட்டும் இருந்தது. நான் பார்க்கவில்லை.

வண்டியை ஒரு மினி வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கர்நாடகாவுக்கு மாற்ற என்ஓசி வேண்டும் என்பதற்காக மாமா இரண்டு தடவை ஆர்டிஓ ஆபீஸுக்கு அலைந்தார்.

ஹாஸ்டலுக்குத் திரும்பிய பிறகு, கோபத்திலா குற்ற உணர்ச்சியிலா தெரியாது, கணக்கைச் சரியாகப் போட்டுப் பார்த்தேன். உங்களுக்கும் போட்டுக் காட்டுகிறேன்.

1990ல் இருபதாயிரம், 2025ல் ஒன்றேகால் லட்சம். கேட்க ஆறு மடங்கு. ஆனால் 35 வருடத்துக்குக் கூட்டு வட்டியாகப் பார்த்தால் ஆண்டுக்கு ஐந்தரை சதவீதம்கூட வரவில்லை. அதே பணத்தை எட்டு சதவீத வட்டியில் பேசாமல் பேங்கில் போட்டிருந்தால் கிட்டத்தட்ட மூன்று லட்சம். ஆயா சொன்ன ஏழு பவுனை வாங்கியிருந்தால்? இன்றைக்கு ஒரு பவுன் அறுபதாயிரத்தை எப்போதோ தாண்டிவிட்டது. ஏழால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் போகாத ஆயாவின் போர்ட்ஃபோலியோதான் நம்ம எல்லாருடையதையும்விடப் பெரியது.

"அது முதல்ல வாங்குனவங்க கணக்குடா. அடிமட்ட விலையில வாங்குனவனுக்கு?" என்று என் ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்வி. ரிலையபிலிட்டியில் பாத்டப் கர்வ் படித்திருக்கிறோம் அல்லவா? இந்த விலை வரைபடமும் அதே மாதிரிதான்: ஆரம்பத்தில் உயரம், நடுவில் பள்ளம், கடைசியில் ஏற்றம். மாமா கடையிலேயே 2010 வாக்கில் பன்னிரண்டாயிரத்துக்கு ஒரு ஆர்எக்ஸ் 100 கைமாறியது. அதை வாங்கியவர் இன்றைக்கு ஒன்றேகால் லட்சத்துக்கு விற்றால் ஆண்டுக்குப் பதினாறு சதவீதத்துக்கு மேல். சூப்பர். ஆனால் அந்த விலைக்கு விற்கிற கண்டிஷனுக்குக் கொண்டுவர போர் போட்டு, பிஸ்டன் மாற்றி, கிராங்க் வேலை பார்த்து, குரோம் பூசி, பெயிண்ட் அடித்து ஐம்பதாயிரம் செலவானால் அந்தச் சதவீதம் எங்கே போகும்? அதைவிட முக்கியம், அந்தப் பள்ளம் முடிந்துபோய்விட்டது. நீங்களும் நானும் வாங்கப்போவது வரைபடத்தின் வலது உச்சியில். நம்மிடமிருந்து அதைவிட அதிக விலைக்கு வாங்க, நம்மைவிட ஏக்கம் பிடித்த ஒருவர் வரவேண்டும். 1990ல் காலேஜ் படித்தவர்களின் வயதைக் கூட்டிப் பாருங்கள். எத்தனை வருடம் வருவார்கள்?

சட்டப்படியும் செலவு ஏறுகிறது. பதினைந்து வருடம் தாண்டிய டூவீலருக்கு ஆர்சி புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 'வின்டேஜ்' என்று பதிவு செய்துகொள்ளலாமே என்பீர்கள். 2021ல் வந்த விதிப்படி அதற்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும். முதல் ஆர்எக்ஸ் 100க்கே அது 2035ல்தான். அப்படிப் பதிவு செய்த வண்டியைத் தினசரி ஓட்டவும் கூடாது. கண்காட்சி, பேரணி மாதிரி விஷயங்களுக்கு மட்டும்தான் வெளியே எடுக்கலாம்.

எனக்கு உறுத்துவது இந்தக் கடைசி விஷயம்தான். விலை ஏறும்போது வண்டி ஓட்டுகிறவரிடமிருந்து வைத்திருப்பவரிடம் போகிறது. மாமாவிடம் இருந்தவரை அது மழையிலும் சேற்றிலும் மலை ஏறி இறங்கியது. பெங்களூருக்காரர் நல்ல மனிதர், இப்போதும் போட்டோ அனுப்புகிறார். வண்டி பளபளவென்று இருக்கிறது, ஒரு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால். போன மாதம் மாமா அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு, "டயர் புதுசு போல. மண்ணே இல்ல" என்று மட்டும் சொன்னார்.

அதற்காக அந்த மனிதர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். அவர் இல்லாவிட்டால் பாப்பாவுக்கு ஃபீஸ் இல்லை. இன்னொரு பழைய வண்டிக் கதையும் இதோடு ஒத்துப்போகிறது. உலகத்திலேயே அதிக விலைக்கு விற்ற கார் மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் உலன்ஹாட் கூபே. 1955ல் இரண்டே இரண்டு செய்தார்கள். இரண்டையும் பென்ஸ் கம்பெனியே வைத்திருந்தது. 2022ல் அதில் ஒன்றை 13.5 கோடி யூரோவுக்கு விற்றார்கள். நம்ம காசில் ஆயிரம் கோடிக்கு மேல். அந்தப் பணத்தை எதற்கு ஒதுக்கினார்கள் தெரியுமா? இளைஞர்களின் படிப்புக்கான உதவித்தொகைக்கு. இதை மாமாவிடம் சொன்னேன். "பென்ஸ்காரனே படிப்புக்குத்தான் வித்திருக்கானா? அப்ப நாம சரியாத்தான் செஞ்சிருக்கோம்" என்று சிரித்தார். அன்றைக்குத்தான் எனக்கும் கொஞ்சம் மனசு லேசானது.

சரி, பழைய வண்டியே வாங்கக்கூடாது என்கிறேனா? இல்லை. அந்தக் கொண்டை ஊசி வளைவில் கிடைத்தது பொய் இல்லை. ஆசைப்பட்டு வாங்குங்கள். ஆனால் ஆசைக்கு 'இன்வெஸ்ட்மெண்ட்' என்று பெயர் வைக்காதீர்கள். அந்தப் பெயர் வைத்ததும்தான் லோன் போடத் தைரியம் வருகிறது. சேர்த்து வைத்த காசில், தொலைந்தாலும் தாங்குகிற காசில் வாங்குங்கள். வாங்குமுன் எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் ஆர்சியோடு ஒத்துப் பாருங்கள். ஆர்எக்ஸ் 135 எஞ்சினை ஏற்றி 100 என்று விற்பதெல்லாம் நடக்கிறது. வாங்கினால் ஓட்டுங்கள். வாரத்துக்கு ஒரு தடவையாவது. அது விடுகிற புகையையும் மறக்காதீர்கள். தினமும் ஆபீஸ் போக அது வண்டி இல்லை.

இன்னொன்று. மாமாவிடம் வண்டி போய்விட்டது. ஆனால் தெருமுனையில் வருகிற சத்தத்தை வைத்தே "ரீட் வால்வ் போச்சு", "ஏர் லீக் இருக்கு" என்று சொல்கிற காது அவரிடமேதான் இருக்கிறது. அதற்கு யாரும் ஏலம் கேட்கவில்லை. அவரிடம் வேலை பழக இப்போது பையன்களும் வருவதில்லை. இன்னும் பத்துப் பதினைந்து வருடத்தில் இந்த மாதிரி மெக்கானிக்குகள் போய்விட்டால், லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய வண்டியெல்லாம் ஹாலில் நிற்கிற பொம்மைதான். நாலு வருடம் மெக்கானிக்கல் படித்த நான் ஒரு கார்புரேட்டரை முதல்முறையாக முழுதாகப் பிரித்தது காலேஜில் இல்லை. மாமா கடையில், போன தீபாவளி லீவில். ஃப்ளோட்டை எந்தப் பக்கம் மாட்டுவது என்று தெரியாமல் முழித்தபோது, அங்கே வேலை செய்யும் பத்தாவது படித்த தம்பி வாங்கி மாட்டிக் கொடுத்தான்.

அதனால் ஜூனியர்களுக்கு ஒரு கோரிக்கை. அந்த டெக்சாஸ் பள்ளிக்கு ஒரு ஃபெராரி கிடைத்தது. நமக்கு அது வேண்டாம். ஓடாமல் கிடக்கும் ஒரு டூ ஸ்ட்ரோக் வண்டி போதும். உங்கள் வீட்டிலோ பெரியப்பா கொட்டகையிலோ ஒரு பழைய டிவிஎஸ்ஸோ யமஹாவோ கிடந்தால், எடைக்குப் போடுமுன் நம் டிபார்ட்மெண்ட் வொர்க்‌ஷாப்புக்குக் கேளுங்கள். எச்ஓடியிடம் பேசியாச்சு, இடம் தரச் சம்மதித்திருக்கிறார். மாமாவிடமும் கேட்டேன். சனிக்கிழமை மத்தியானம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வருகிறேன் என்றார். "காசு வேணாம்டா, பஸ்ஸுக்கு மட்டும் குடு. வண்டிதான் இல்லையே" என்றார்.

பாப்பா முதல் செமஸ்டர் முடித்துவிட்டாள். மாமா இப்போது மலைக்கு ஒரு பழைய ஸ்ப்ளெண்டரில் போகிறார். வளைவில் அது பாயாது, முனகிக்கொண்டே ஏறும். ஆனால் ஏறிவிடுகிறது.